பைக்குக்கு ஒரு ட்ரெய்லர்: டர்பனிலிருந்து சானி பாஸ் அடிவாரம் வரை, சில வருட அனுபவம்

பைக்கை ஓட்டிக்கொண்டே போகலாமே, எதற்கு இழுத்துக்கொண்டு போகிறாய் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வர்த் பகுதியில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. எடை 199 கிலோ. லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் மலைப்பாதையான சானி பாஸுக்காகவே, கட்டை கட்டையாகப் புடைத்த பட்டன் டயர் போட்டிருக்கிறேன். அந்த டயரோடு என்3 நெடுஞ்சாலையில் தார் ரோட்டிலேயே போனால் மலையடிவாரம் சேர்வதற்குள் டயரின் ஆயுளில் ஒரு பங்கு தேய்ந்துவிடும், உடம்பும் அலுத்துவிடும். அதனால் டர்பனிலிருந்து மலையடிவார ஊர்களான அண்டர்பெர்க், ஹிமெவில் வரை காரும் ட்ரெய்லரும். அங்கே தங்குமிடத்தில் ட்ரெய்லரை விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடு 2,876 மீட்டர் உச்சி வரைக்கும் பைக். பாஸில் ஏற ஃபோர் பை ஃபோர் வண்டிகளையும் பைக்குகளையும் மட்டுமே விடுகிறார்கள் என்பதால் இந்த ஏற்பாடு நன்றாகப் பொருந்துகிறது.

ட்ரெய்லர் தேடுபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ தாங்கும்?" 200 கிலோ பைக்கைத் தாங்காத ட்ரெய்லரைக் கடையில் தேடினாலும் கிடைக்காது. நீங்கள் கேட்க வேண்டியது, "நான் ஒருவனே இதில் பைக்கை ஏற்ற முடியுமா?" என்பதுதான். வாங்கும் முன் நான் இரவல் வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் பார்த்ததில், சாமான் ஏற்றும் சாதாரணப் பெட்டி ட்ரெய்லரின் தளம் முழங்காலுக்கு மேலே இருந்தது. பலகையைச் சாய்த்து வைத்து, "தம்பி, நீ ஹேண்டில பிடிச்சுக்கோ, நான் பின்னாடியிருந்து தள்ளுறேன்" என்று பக்கத்து வீட்டு மாமா வந்தால்தான் வேலை நடக்கும். வீட்டில் மாமா இருக்கிறார். இருட்டிய பிறகு ஹிமெவிலில் மழையில் யார் வருவார்?

நான் வாங்கியது தளம் தாழ்ந்த, ஒரே பைக்குக்கான ட்ரெய்லர். ராம்ப் இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், சரிவு அதிகமில்லை. எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்தில் நடந்தபடி கிளட்சை மெதுவாக விட்டால் பைக் தானே ஏறுகிறது. முன்சக்கரம் வீல் சாக்குக்குள் (சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் சட்டகம்) போனதும் அதன் தொட்டில் முன்னால் சாய்ந்து, "டக்" என்று சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். கையை எடுத்துவிடலாம், பைக் நிற்கும். பட்டை கட்ட இரண்டு கையும் உங்களுக்குக் கிடைக்கிறது. சாக் இல்லாத ட்ரெய்லரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பைக்கைக் கட்ட, நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டை நான்கு. முன்னிரண்டையும் ஹேண்டில்பாரில் மாட்டாமல், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ் கிளாம்பில் துணி வளையம் போட்டு மாட்டுகிறேன். ஃபோர்க் பாதியளவு அமுங்கினால் போதும். அடி தட்டும்வரை இறுக்கினால் ஆயில் சீல் கசியத் தொடங்கும். கிளம்பியதும் பட்டை கொஞ்சம் தளர்வது இயல்பு; மரியன்ஹில் டோல் தாண்டி முதலில் வரும் பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஒரு சுற்று இறுக்குவேன். அங்கேயே வீல் ஹப்பைக் கையால் தொட்டுப் பார்ப்பேன். இளஞ்சூடு பரவாயில்லை. தொட முடியாத சூடு என்றால் பேரிங்கில் கிரீஸ் போயிருக்கும், அல்லது இறுக்கம் கூடியிருக்கும். டோல் பற்றி ஒரு வார்த்தை: ட்ரெய்லர் இழுத்தாலும் கார் முதல் வகுப்புதான், கூடுதல் கட்டணம் கிடையாது.

ஹோவிக் பக்கம் என்3-ஐ விட்டு ஆர்617-இல் திரும்பியதும்தான் ட்ரெய்லரின் குணம் தெரியும். பள்ளம், மூடுபனி, சாலையில் படுத்திருக்கும் மாடுகள். சிறு சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது பைக் முழுதும் குலுங்கும். 13 அங்குலச் சக்கரம் அதை எளிதாகத் தாண்டிவிடுகிறது, டயரும் எந்த ஊரிலும் கிடைக்கிறது. ஸ்டெப்னியை ட்ரெய்லரிலேயே மாட்டி வைத்திருக்கிறேன்.

வேகத்தில் வால் ஆடுகிறது என்று பலர் ட்ரெய்லரைக் குறை சொல்வார்கள். அநேகமாக அது எடை பின்னால் விழுந்ததன் விளைவு. மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் இழுவைக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். என்னுடையது பைக்கோடு 450 கிலோ, ஆகவே 45 கிலோ. வீட்டில் எடை பார்க்கும் மெஷினை ட்ரெய்லரின் மூக்குக்கு அடியில் வைத்தே அளக்கலாம். சாக்கை முன்னும் பின்னும் நகர்த்தி போல்ட் போடும் வசதி இருந்தால் பைக் மாறினாலும் சரிசெய்துகொள்ளலாம்.

துரு பற்றி டர்பன்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெயின்ட் அடித்த குழாய்ச் சட்டம் உள்ளிருந்து அரிக்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். துத்தநாகத்தில் முக்கியெடுத்த கால்வனைஸ் சட்டத்துக்குக் கொடுத்த கூடுதல் ரேண்டுகளுக்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை. உப்புக்காற்றில் முதலில் போவது லைட் பிளக்தான். அதன் பின்கள் பச்சை பூத்துவிடும், இண்டிகேட்டர் எரியாது. கொஞ்சம் வாசலின் தடவி, மூடி போட்டு வைத்தால் நிற்கிறது.

சாலை விதிகளையும் பார்க்க வேண்டும். கார் ஓட்டும் சாதாரண கோட் பி உரிமத்தில் 750 கிலோ மொத்த எடையுள்ள ட்ரெய்லர் வரைதான் இழுக்கலாம், அதற்கு மேல் என்றால் இபி உரிமம் வேண்டும். பிரேக் இல்லாத ட்ரெய்லரின் அனுமதிக்கப்பட்ட எடை (சுமையோடு சேர்த்து அதற்கு அனுமதித்த உச்ச எடை), இழுக்கும் காரின் வெற்று எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. 1,000 கிலோ கார் வைத்திருப்பவர் 750 கிலோ ட்ரெய்லர் வாங்கினால், பைக் எவ்வளவு இலேசாக இருந்தாலும் கணக்கு இடிக்கும். அவர்கள் 500 கிலோவுக்குள் தேட வேண்டும்.

வெறும் தண்டவாளம் போன்ற சட்டத்தை விட, முழுத் தளம் போட்டதை வாங்குங்கள். சாக்கைக் கழற்றினால் தைப்பூசத்துக்குக் கோயிலுக்கு அண்டாவும் வாழைமரமும் போகும்; வீட்டில் எல்லோருக்கும் பயன்படுகிற பொருள் அது. என் அண்ணன் இப்போது தன் பைக்கையும் சேர்த்து ஏற்றக் கேட்கிறார். இரண்டு பைக் என்றால் எடைக்கணக்கு, அச்சு, சாக்கின் இடம் எல்லாமே மாறும். இதிலேயே நெருக்கி ஏற்றச் சம்மதிக்காமல், பிரேக் வைத்த அகலமான ஒன்றை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.