"கட்டாதீங்க, நாங்க பாத்துக்கறோம்": கடன் செட்டில்மென்ட் ஏஜென்சிகளிடம் பணம் எப்படிப் போகிறது?

வீட்டுக்கு வந்த இரண்டு சம்பளத்தில் ஒன்று நின்றுபோகிறது. அல்லது ஓவர்டைம் போய் அடிப்படைச் சம்பளம் மட்டும் வருகிறது. இஎம்ஐ மட்டும் குறையவில்லை. ஒரு தவணை தவறியதுமே போனில் விளம்பரம் வர ஆரம்பிக்கும்: "இஎம்ஐ பாதியாகக் குறையும், ரெக்கவரி ஏஜென்ட் தொல்லை நிற்கும், எல்லாம் சட்டப்படி." நம்பரைக் கொடுத்த பத்தாவது நிமிடம், வங்கியோடு பேசிக் கடனைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் கடன் செட்டில்மென்ட் ஏஜென்சியிலிருந்து அழைப்பு வரும்.

பேச்சு பெரும்பாலும் ஒரே அச்சுதான்.

"மொத்தம் எவ்வளவு சார் கடன்? மூணு கார்டு, ஒரு பர்சனல் லோனா? சரி. இந்த மாசத்துல இருந்து எதுவும் கட்டாதீங்க. பேங்க்ல இருந்து கூப்பிட்டா எங்க வக்கீல் நம்பரைக் குடுங்க. நீங்க எங்களுக்கு மாசம் ரெண்டாயிரம் மட்டும் கட்டினா போதும்."

'எதுவும் கட்டாதீங்க' என்பதுதான் இந்தத் தொழிலின் அச்சாணி. தவணை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் கடனுக்கு எந்த வங்கியும் தள்ளுபடி பேசாது. 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன், அதாவது என்பிஏ ஆகும். அதற்கு வங்கி தன் லாபத்திலிருந்து பணம் ஒதுக்கி வைக்க வேண்டும். அடமானம் இல்லாத கடன் என்றால் அதன் பிறகு பெரும்பாலும் வங்கியே செட்டில்மென்ட்டுக்கு, அதாவது பாக்கியில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்க, இறங்கி வரும். ஏஜென்சி பேசினாலும் பேசாவிட்டாலும் வரும். ஏஜென்சி 'பேரம்' என்று விற்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பைத்தான். காத்திருக்கும் காலத்தில் அடி வாங்குவது கடன் வாங்கியவரின் பெயர்.

கட்டணத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிரெடிட் கார்டு பாக்கி 3,00,000 ரூபாய், வட்டி மாதம் 3.5%. ஒன்பது மாதம் ஒன்றுமே கட்டாமல் விட்டால், தாமதக் கட்டணம், ஜிஎஸ்டி எதுவும் சேர்க்காமலேயே பாக்கி ஏறத்தாழ 4,09,000 ஆகிவிடும். வங்கி 2,40,000-க்கு முடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்சி தன் பங்கை 'மிச்சப்படுத்திய தொகையில் 15%' என்று எழுதியிருக்கும். எதிலிருந்து மிச்சம்? நீங்கள் கையெழுத்துப் போட்ட அன்று இருந்த மூன்று லட்சத்திலிருந்து அல்ல, ஊதிப்போன 4,09,000-லிருந்து. ஆக மிச்சம் 1,69,000, அதில் 15% என்றால் 25,350, அதற்கு 18% ஜிஎஸ்டி 4,563. பதிவுக் கட்டணம் 5,000, மாதம் 2,000 வீதம் ஒன்பது மாதத்துக்கு 18,000. ஏஜென்சிக்கு மட்டும் 52,913. வங்கிக்குக் கட்டியதோடு கூட்டினால் 2,92,913.

மூன்று லட்சம் கடனில் ஏழாயிரத்துச் சொச்சம் குறைந்திருக்கிறது. அதற்கு விலையாக ஒன்பது மாதத் தவறிய தவணைகளும், சிபில் போன்ற நிறுவனங்கள் தரும் கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்ற முத்திரையும். அதே 2,40,000-ஐ வங்கியில் நேரில் பேசி முடித்திருந்தால் அந்த 52,913 வீட்டில் இருந்திருக்கும்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியையும் தேடிப் பாருங்கள்: செட்டில்மென்ட் நடக்காவிட்டாலும் மாதச் சந்தா திரும்பக் கிடையாது என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். சில இடங்களில் 'தனிக் கணக்கு' ஒன்றில் மாதாமாதம் பணம் சேர்க்கச் சொல்வார்கள். அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் பேச்சு மாறும். உங்கள் பெயரில் இல்லாத கணக்கில் போட்ட பணம் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, அவ்வளவுதான்.

இதைவிட அப்பட்டமான வகை, 'கடன் தள்ளுபடிச் சான்றிதழ்' தருவதாகச் சொல்லி சேவைக் கட்டணம், சட்டக் கட்டணம் என்று வாங்குவது. 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே இதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்து அறிக்கை வெளியிட்டது. அப்படிச் சான்றிதழ் கொடுக்க இந்த ஏஜென்சிகளுக்கு எந்த அதிகாரமும் இல்லை.

வக்கீல் நம்பர் கொடுத்துவிட்டால் தொல்லை நின்றுவிடும் என்பதும் பொய். கடன் கொடுத்தவர் கடன் வாங்கியவரைத் தொடர்புகொள்வதை ஏஜென்சியின் கடிதம் தடுக்காது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகப் போன் செய்யக்கூடாது, மிரட்டக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது எல்லோருக்கும் ஏற்கெனவே உள்ள பாதுகாப்பு, தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மீறினால் அழைப்பு வந்த நேரம், நம்பர், பேசியது மூன்றையும் குறித்து வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிப்பவர்) போகலாம். கட்டணம் இல்லை, விவரம் கேட்க 14448.

ஏஜென்சி வாயே திறக்காத விஷயம் ஒன்று உண்டு. ஆட்டோ டெபிட்டுக்கு எழுதிக்கொடுத்த கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால், 2007-ஆம் ஆண்டின் பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25-வது பிரிவில் கிரிமினல் வழக்குப் போட முடியும். செக் பவுன்ஸுக்கு நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138-வது பிரிவு எப்படியோ, அப்படியே. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்குக்கு முன்பு நோட்டீஸ் வரும், அது கைக்கு வந்த 15 நாளில் கட்டிவிட்டால் அதோடு முடியும். ஆனால் 'கடிதம் வந்தா பிரிக்காம எங்களுக்கு வாட்ஸாப்ல போட்டோ அனுப்புங்க' என்ற அறிவுரையை நம்பியவர்களுக்கு அந்த 15 நாள் போனதே தெரியாது.

வீட்டுக் கடனையும் இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். அடமானக் கடன் என்பிஏ ஆனால், அடமானச் சொத்தைக் கோர்ட் வழக்கு இல்லாமலே வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ், அதற்குள் கட்டாவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை. வங்கியின் கையில் வீடே இருக்கும்போது அது எதற்குத் தள்ளுபடி பேசப்போகிறது?

சரி, ஏஜென்சி இல்லாமல் தவணையைக் குறைப்பது எப்படி? முதல் தவணை தவறுவதற்கு முன்பே கேட்பது பாதி வேலை.

ஒரு தாளில் இப்போதைய வருமானத்தை எழுதுங்கள், பழையதை அல்ல. உதாரணத்துக்கு 41,000. வாடகை, சாப்பாடு, மின்கட்டணம், பிள்ளைகள் படிப்பு, மருந்து, மருத்துவக் காப்பீடு எல்லாம் 21,000. வீட்டுக் கடன் 12,000. அடமானம் இருப்பதால் இதை முழுதாகக் கட்ட வேண்டும். நகைக் கடனும், பிழைப்புக்கு ஓட்டும் வண்டியின் கடனும் இதே வரிசை. மீதி 8,000. அடமானமில்லாத கடன்களின் தவணை 10,000, 6,000, 4,000 என்று மொத்தம் 20,000 இருந்தால், கையில் இருப்பது அதில் 40%. ஆகவே 4,000, 2,400, 1,600 என்று பிரியும். அதிகமாகக் கத்துகிறவருக்கு அதிகம் கட்டி, பேசாமல் இருப்பவரை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஒரே விகிதத்தில் பிரித்தால் 'மற்றவருக்கு மட்டும் கட்டுகிறீர்களே' என்ற கேள்விக்கு இடமில்லை.

இந்தத் தாளோடு, சம்பளம் குறைந்ததற்கான ஆதாரத்தையும் (புதிய சம்பளச் சீட்டு, வேலைநீக்கக் கடிதம், ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட்) சேர்த்து ஒவ்வொரு வங்கிக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். நீளமாக எழுத வேண்டாம்:

"கடன் கணக்கு எண் ______. ______ தேதியிலிருந்து எங்கள் குடும்ப வருமானம் 68,000-லிருந்து 41,000 ஆகக் குறைந்துள்ளது. இதுவரை தவணை தவறவில்லை. கடன் காலத்தை நீட்டித்து மாதத் தவணையை 4,000 ஆகவோ, இயன்ற அளவு அதற்கு அருகிலோ குறைக்கக் கோருகிறேன். முடிவை எழுத்துமூலம் தெரிவிக்கவும். வரவு செலவு விவரமும் ஆதாரங்களும் இணைப்பில்."

கிளையில் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பதில் பெரும்பாலும் 'முடியாது' என்றுதான் வரும். அதற்கும் ஒரு காரணம் உண்டு: பணக் கஷ்டத்துக்காகக் கடனை மறுசீரமைத்தால் வங்கி அந்தக் கணக்கைத் தன் புத்தகத்தில் தரமிறக்க வேண்டியிருக்கும், அதனால் கிளை மேலாளர் தயங்குவார். கடன் அறிக்கையிலும் மறுசீரமைப்பு என்று பதிவாகும். அது சுத்தமான வரலாறு இல்லைதான், ஆனால் மாதக்கணக்கில் தவறிய தவணைகளோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

காலத்தை நீட்டினால் எவ்வளவு குறையும் என்று முன்பே தெரிந்துகொண்டு பேசுங்கள். 5 லட்சம், 14% வட்டி, 60 மாதம் என்றால் தவணை 11,634. அதையே 84 மாதமாக்கினால் சுமார் 9,370. மாதம் 2,260 குறைகிறது, மொத்த வட்டியில் ஏறத்தாழ 89,000 கூடுகிறது. பாதியாகக் குறையும் என்று எவராவது சொன்னால் இந்தக் கணக்கை முன்னால் வையுங்கள்.

கிரெடிட் கார்டில் 'மினிமம் டியூ' எனப்படும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிச் சமாளிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. மூன்று லட்சம் பாக்கிக்கு 5% என்று 15,000 கட்டினால், 3.5% வட்டி 10,500, அதற்கு ஜிஎஸ்டி 1,890. அசலில் குறைவது 2,610 மட்டும். அந்தக் கார்டில் வாங்குவதை நிறுத்திவிட்டு, பாக்கியைக் குறைந்த வட்டியில் இஎம்ஐ-யாக மாற்றித் தரக் கேளுங்கள். கணக்கு ஒழுங்காக இருக்கும்போது இது சுலபம், தவறிய பிறகு கஷ்டம்.

பகுதித் தவணை கட்டுவதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஆட்டோ டெபிட். கணக்கில் 4,000 வைத்திருந்தால் வங்கி 4,000 எடுத்துக்கொள்ளும் என்று நினைப்பார்கள். அது 10,000 கேட்டு வரும். போதவில்லை என்றால் முழுதாகத் திரும்பும், இரண்டு பக்கமும் பவுன்ஸ் கட்டணம். ஆகவே தவணைத் தேதிக்கு முன்பே கடன் கணக்கில் நேரடியாகக் கட்டி, கட்டிய ரசீதையும் ஆட்டோ டெபிட்டை மீதித் தொகைக்கு அனுப்பாமல் நிறுத்தக் கோரும் மின்னஞ்சலையும் பத்திரப்படுத்துங்கள். சம்பளம் வருவதும் கடன் இருப்பதும் ஒரே வங்கி என்றால், பாக்கிக்காக அந்தக் கணக்கில் கைவைக்க வங்கிக்கு வழி இருக்கிறது. சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றுவது புத்திசாலித்தனம்.

வங்கி சம்மதிக்காத நிலையில் 40% கட்டுவது கணக்கை 'ஒழுங்கு' ஆக்காது. பாக்கியாகவே காட்டும். ஆனால் நாள் எண்ணுவது மிகப் பழைய தவணையிலிருந்துதான். ஒன்றுமே கட்டாவிட்டால் மூன்றாம் மாதம் 90 நாளைத் தொடும். 40% கட்டி வந்தால் அதைத் தொட ஐந்து மாதம் ஆகும். கட்டியதை அபராதத்துக்கு முதலில் வரவு வைத்தால் இந்த அவகாசம் சுருங்கும். அந்த இரண்டு மாதம் மறுசீரமைப்புக்கு வாதாடக் கிடைத்த அவகாசம். 'தொடர்ந்து கட்டுகிறார்' என்பதற்கான ஆதாரமும் கையில் இருக்கும்.

எல்லாம் கைமீறிப் போய் செட்டில்மென்ட்தான் வழி என்றால், கடிதம் வங்கியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலிலிருந்து வர வேண்டும். அதில் கடன் கணக்கு எண், தொகை, கட்ட வேண்டிய கடைசித் தேதி, இதோடு கணக்கு முழுமையாகத் தீர்ந்தது என்ற வாசகம் நான்கும் இருக்க வேண்டும். போலிக் கடிதங்களில் லோகோ பளிச்சென்று இருக்கும், கணக்கு எண்ணில் இரண்டு இலக்கம் தப்பியிருக்கும், கீழே யாரோ ஒருவரின் யுபிஐ ஐடி இருக்கும். பணம் கடன் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். மூன்று தவணையில் கட்டுவதாக ஒப்புக்கொண்டு ஒன்றைத் தவறவிட்டாலும் சலுகை ரத்தாகி முழுப் பாக்கியும் திரும்ப உயிர் பெறலாம். ஆகவே முழுத்தொகை கையில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்ததும் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூ சான்றிதழ் வாங்குங்கள். செட்டில் செய்த வங்கி குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தராது (விவசாயக் கடனுக்கு இந்தக் காலவரையறை வேறு).

ஏற்கெனவே ஏஜென்சியில் சேர்ந்துவிட்டவர்கள் முதலில் செய்ய வேண்டியது, அவர்களுக்குப் போகும் மாதச் சந்தாவின் ஆட்டோ டெபிட்டை உங்கள் வங்கிச் செயலியிலோ யுபிஐ செயலியிலோ ரத்து செய்வது. அடுத்து, என் சார்பில் பேச இவர்களுக்கு இனி அதிகாரமில்லை என்று ஏஜென்சிக்கும் எல்லா வங்கிகளுக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதுங்கள். உங்கள் மின்னஞ்சல் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். வங்கி அனுப்பிய நோட்டீஸ்கள் அந்தப் பெட்டியில் படித்ததாகக் குறிக்கப்பட்டுக் கிடக்கும், ஒன்று விடாமல் தேதியைப் பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். நேரமாக ஆக, பணம் போன கணக்கை முடக்கும் வாய்ப்பு குறையும். பிறகு சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்தும் இலவச அறிக்கையை எடுங்கள், ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை இலவசம். நீங்கள் கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கியாகக் காட்டினால் அங்கேயே புகார் செய்யலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும்.