13 புள்ளி எடுத்த கடிதமும் அயித்தையின் இரண்டு வரியும்

கடித ஆட்டம் ஒன்றில் போன ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய கடிதத்துக்கு 13 புள்ளி. மூன்று வருடத்தில் நான் எடுத்ததிலேயே அதுதான் அதிகம். அதற்குப் பள்ளத்தூரிலிருந்து அயித்தை போட்ட பதில் இரண்டே வரி. “கடுதாசி வந்துச்சு. இது யாரு எழுதுனது?”

அந்தப் பதில் வந்த அன்றே தேவகோட்டைத் தோழி போன் செய்தாள். இருவர் ஆடும் ஆட்டம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறாள். “நீ ஆடுற கடுதாசி ஆட்டத்தோட விதியையே அடிப்படையா வச்சுக்கலாமா?” என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஆட்டத்தின் பெயர் குவில். 2016இல் வந்தது. ஒருவர் மட்டும் ஒரு பாத்திரமாக இருந்து ஆடும் ரோல்பிளே ஆட்டம், ஆடி முடித்தால் கையில் ஒரு கடிதம் இருக்கும். ஐந்து பத்தி எழுத வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் ‘மைக்கூடு’ என்ற பட்டியலிலிருந்து ஒரு சொல் எடுக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு சொல்லும் சோடியாக இருக்கும்: ஒன்று சாதாரணம், ஒன்று உயர்வு. மொழித் திறனுக்குப் பகடை உருட்டி 5 அல்லது 6 விழுந்தால் உயர்ந்த சொல், புள்ளியும் உண்டு. விழாவிட்டால் சாதாரணச் சொல். அடைமொழி சேர்க்க மனசுக்கு ஒரு உருட்டல், எழுத்தழகுக்கு ஒரு உருட்டல். புள்ளி கூடக் கூட, வரும் பதிலும் நல்லதாக இருக்கும். அவ்வளவுதான் விதி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் நான் ஆடிய தனிநபர் ஆட்டங்களில் பாதி, ஆடி முடித்ததும் கரைந்துவிடும். நோட்டில் நாலு குறிப்பு கிடக்கும், ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் எனக்கே விளங்காது. குவிலில் அப்படி இல்லை. கடிதம் கடிதமாகவே இருக்கிறது. மூன்று வருடத்தில் 46 கடிதம் சேர்ந்திருக்கிறது. ஒரு ஓலைக் கொட்டானில் போட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கடிதத்தை உருவிப் படித்தாலும் ஒரு ஆள் வந்து எதிரில் உட்காருகிறான்.

ஆட்டத்தில் கடிதம் எழுதும் பாத்திரங்களாக வரும் வீரர், துறவி, அரசவையாளர் எல்லாரையும் முதல் மாதமே நீக்கிவிட்டேன். காரைக்குடியில் உட்கார்ந்து நான் எந்தக் கோட்டைக்குக் கடிதம் எழுத? அவர்களுக்குப் பதிலாக, அந்தக் காலத்தில் பர்மாவில் நகரத்தார் நடத்திய வட்டிக்கடையான கிட்டங்கியின் ஆட்களை வைத்தேன். கடையை நடத்தும் மேலாளுக்கு மொழியில் மூன்று பகடை, எழுத்தில் இரண்டு, மனசில் ஒன்று. அடுத்தாளுக்கு மனசில் மூன்று. புதிதாகச் சேர்ந்து வேலை பழகும் பெட்டியடிப் பையனுக்கு எழுத்தில் மூன்று, மனசில் இரண்டு, மொழியில் ஒன்றே ஒன்று. கணக்கு எழுதிப் பழகிய கை, வயசோ பதினாறு பதினேழு. அவனுக்கு ஏது உயர்ந்த சொல்? கொண்டு விக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனால் மூன்று வருடக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார்கள் என்பதால், ஒரு ஆளுக்கு மூன்று வருடம், வருடத்துக்கு இரண்டு கடிதம் என்று வைத்துக்கொண்டேன். இந்த ஏற்பாடு இவ்வளவு இயல்பாகப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. ஒருவருக்கான ஆட்டத்தை இருவருக்காக்கியதும் அப்படித்தான்: புள்ளி பார்த்துப் பதிலைத் தீர்மானிப்பதற்குப் பதில் அயித்தையே பதில் எழுதினாக.

அயித்தைக்கு 71 வயது. அவுக ஐயா மோல்மீனில் பெட்டியடியில் தொடங்கியவர். அந்தக் காலத்துக் கடுதாசிக் கட்டு ஒன்று இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. பள்ளத்தூருக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்தான், இருந்தும் தபாலில்தான் ஆடுகிறோம். உள்நாட்டுக் கடிதம் 2 ரூபாய் 50 காசு. போய்ச் சேர இரண்டு நாள், சில சமயம் நாலு நாள். அந்தக் காத்திருப்பை எந்த விதிப் புத்தகத்தாலும் எழுதித் தர முடியாது. தபால்காரர் மணி அடித்தால் முகப்புக்கு ஓடுகிறேன்.

பகடைக்கு அயித்தை முதலில் பித்தளைத் தாயக்கட்டையைத்தான் எடுத்துக் கொடுத்தாக. ஆத்தங்குடித் தரையில் அது உருளும் சத்தத்துக்காகவே ஆடலாம். ஆனால் கணக்கு உதைத்தது. ஆறு பக்கப் பகடையில் 5, 6 என்றால் மூன்றில் ஒரு வாய்ப்பு. தாயக்கட்டையில் நாலு பக்கம்தான். ஒரு பக்கத்தை வெற்றி என்று வைத்தால் நாலில் ஒன்று, இரண்டை வைத்தால் பாதி. இரண்டுமே ஆட்டத்தைக் கோணலாக்கியது. கடைசியில் லூடோ பெட்டிப் பகடைக்கே வந்துவிட்டோம்.

இப்போது என் எரிச்சல். அந்த மைக்கூடு.

தமிழில் ஆட வேண்டுமென்றால் சொற்சோடிகளை நான்தான் எழுத வேண்டும். ஆத்தா, அன்னை. வீடு, இல்லம். அழுதேன், கண்ணீர் உகுத்தேன். பசி, பசிப்பிணி. எழுதும்போதே கை கூசியது. ஆங்கில மூலத்தில் அந்த இரண்டு சொல்லும் ஒரே ஆளின் வாயில் பொருந்தும் போலிருக்கிறது. தமிழில் அது வேறு ஆள் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. ‘ஆத்தா’ என்று எழுதுகிறவன் கடிதம் எழுதுகிறான். ‘அன்னை’ என்று எழுதுகிறவன் மேடையில் நிற்கிறான். பகடை நன்றாக விழுந்தால் என் ஆள் மேடையேறிவிடுகிறான், அதற்குப் புள்ளியும் கொடுக்கிறார்கள்!

இது என் ரசனை மட்டும்தானோ என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. அதனால் போன வருடம் ஒரு சோதனை வைத்தேன். ஆறு கடிதங்களை எந்தச் சொல்லுக்குப் பகடை ஜெயித்தது, எதற்குத் தோற்றது என்று சொல்லாமல் அயித்தைக்கு அனுப்பினேன். மனசில் பட்ட இடத்தில் அடிக்கோடு போடச் சொன்னேன். மைக்கூட்டுச் சொற்களில் 17க்குக் கோடு போட்டிருந்தாக. அதில் 13 பகடை தோற்ற சொல். பாதிக்கு மேல் பெட்டியடிப் பையனுடையவை. “ஐயா கடுதாசில எங்கயும் அன்னைன்னு இருக்காதுடி. ஆத்தாவுக்குன்னுதான் இருக்கும். மேல பிள்ளையார் சுழி, சிவமயம், இவ்விடம் க்ஷேமம், அதுக்கப்புறம் நேரா விசயம்” என்று ஓரத்தில் எழுதியிருந்தாக.

அந்தச் சம்பிரதாய வரிகளும் உயர்ந்த நடைதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அவை எல்லாக் கடிதத்திலும் வாசற்படி மாதிரி இருப்பவை. யாரும் முயற்சி செய்து எழுதுவதில்லை. முயற்சி தெரிகிற இடத்தில்தான் வலி போய்விடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். ஆள் மேலாள், வருடம் 1942. ரங்கூனில் குண்டு விழுந்தபின் கிட்டங்கியைப் பூட்டிவிட்டு, புரோமிலிருந்து தாங்கப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கு நடந்து, எப்படியோ கல்கத்தா வந்து சேர்ந்து வீட்டுக்கு எழுதும் முதல் கடிதம். அப்படி லட்சக்கணக்கான பேர் நடந்தார்கள், வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மூன்று பகடை உருட்டினால் ஒன்றிலாவது 5 அல்லது 6 விழ 100க்கு 70 வாய்ப்பு. எனக்கு ஐந்து பத்தியிலும் விழுந்தது. ‘நடந்தே வந்தோம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கால்நடையாக யாத்திரை மேற்கொண்டோம்’ என்று எழுதினேன். கூட வந்த பையன் வழியில் காலராவில் போனதை ‘இறைவனடி எய்தினான்’ என்று எழுதினேன். விதி அப்படித்தான் எழுதச் சொன்னது, நானும் எழுதினேன். 13 புள்ளி. இது யாரு எழுதுனது என்று அயித்தை கேட்டதில் என்ன தப்பு?

தோழிக்கு இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவளுடைய ஆட்டத்தை இரண்டு முறை ஆடிப் பார்த்துவிட்டேன். பாகப்பிரிவினைக்கு முன்னால் இரண்டு பங்காளிகள் இரட்டை அறையைத் திறந்து சாமானுக்குச் சீட்டு எழுதுகிறார்கள். மங்கு, வெண்கலம், தடுக்கு என்று ஒவ்வொன்றாக எடுக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. அருமையான தொடக்கம். ஆனால் நல்லா இருக்கு என்று சொல்லி அனுப்பினால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. சின்ன ஆட்டம் எழுதுகிறவர்களுக்கு நான் எழுதி அனுப்புவது ஒன்றுதான்: எந்த இடத்தில் என் பேனா நின்றது, எத்தனை நிமிடம் நின்றது. இப்படிச் செய்யலாம் என்ற யோசனையை அதற்குக் கீழேதான் எழுதுவேன், அதுவும் கேட்டால்தான். அவளுடைய ஏழாவது கேள்வியில், ஆடிய நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். ‘நீ எதை மறைக்கிறாய்?’ மூத்த பங்காளியை இளையவன் ‘நீ’ என்று எப்படிக் கேட்பான்? கேட்டால் அங்கேயே பாகப்பிரிவினை முடிந்துவிடும். ‘நீங்க’ என்று மாற்றியதும் கேள்வியில் ஒரு பயம் வந்தது, அந்தப் பயம்தான் ஆட்டம். மைக்கூட்டில் எனக்கு நடந்ததும் இதே தான், ஆனால் அங்கே மாற்ற விதி இடம் கொடுக்கவில்லை.

ஷான் டாம்கின் 2018இல் வெளியிட்ட அயர்ன்ஸ்வோர்ன் என்ற ரோல்பிளே ஆட்டத்தைத் தோழியைப் பார்க்கச் சொல்கிறேன். பிடிஎஃப் இலவசம், தனியாகவும் துணையோடும் ஆடலாம். ஒரு ஆறு பக்கப் பகடையில் திறனைக் கூட்டி, இரண்டு பத்து பக்கப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் தாண்டினால் முழு வெற்றி. ஒன்றை மட்டும் தாண்டினால் நினைத்தது நடக்கும், அதற்கு ஒரு விலையும் உண்டு. கடிதத்துக்கு அந்த நடு வழிதான் வேண்டும். பகடை சொல்லின் தரத்தைத் தீர்மானிக்கக் கூடாது. விசயத்தைச் சொல்ல முடிந்ததா, சொன்னால் என்ன போகும் என்பதைத் தீர்மானிக்கட்டும்.

ஆகவே குவிலை அடிப்படையாக வைத்துக்கொள்ளாதே. தமிழில் கடிதம் எழுதி ஆட ஆசைப்படும் மற்றவர்களுக்கும் இதே பதில்தான்: வேண்டாம். எனக்குக் கிடைத்த 46 கடிதமும், தபால்காரர் மணியும், அயித்தை போட்ட கோடுகளும் அந்த ஆட்டத்தால்தான் கிடைத்தன என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

அயித்தைக்கு இன்னும் பதில் போடவில்லை. அதே கல்கத்தா, அதே 1942. இந்த முறை எழுதப்போவது பெட்டியடிப் பையன். மேலாள் எழுதாமல் விட்டதை அவன் எழுதட்டும். மொழிக்கு ஒரு பகடையை மட்டும் மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன்.