எழுத்து நாடகமா, கூத்தா: தரம் 10 தயாரிப்புக்கு எதை எடுப்பது?

நாடகமும் அரங்கியலும் பாடத்தைத் தரம் 10இல் பொறுப்பேற்கும் ஆசிரியர், வகுப்புத் தயாரிப்பாக அச்சிட்ட எழுத்து நாடகம் ஒன்றை எடுப்பதா, கூத்து ஒன்றைச் சுருக்கிப் பழக்குவதா என்பதை முதலாம் தவணையிலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்துக் கலவன் பாடசாலை ஒன்றில் மூன்று ஆண்டுகள் எழுத்து நாடகத்தையும் அதன்பின் இரண்டு ஆண்டுகள், மட்டக்களப்புக் கூத்தின் இரு மரபுகளில் ஒன்றான வடமோடிக் கூத்தையும் எடுத்துப் பார்த்தவன் என்ற முறையில், நான் கூத்தின் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுத்து நாடகத்தின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை. பிரதியைப் படியெடுத்துக் கொடுத்த மறுநாளே வாசிப்பு ஒத்திகை தொடங்கிவிடும். ஆசிரியருக்கு ஆடவோ பாடவோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான்கு நாற்காலியும் ஒரு மேசையும் இருந்தால் காட்சியமைப்பு முடிந்தது. கூத்துக்கோ மத்தளமும் சல்லரி என்ற கைத்தாளமும் வேண்டும், உடுப்பு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, கூத்தைப் பழக்கும் மரபுவழி ஆசானாகிய ஓர் அண்ணாவியார் வேண்டும். இவற்றை மட்டும் எண்ணிப் பார்த்தால் எழுத்து நாடகமே வெல்லும். நானும் அவ்வாறு எண்ணித்தான் முதல் மூன்று ஆண்டுகளைக் கழித்தேன்.

நான் கணக்கில் எடுக்காமல் விட்டது, பிள்ளைகள் வராத நாள்களை. முதலாம் தவணையின் நடுப்பகுதியில் பெரும்போக வேளாண்மை வெட்டு, அதாவது நெல் அறுவடை, வந்துவிடும். வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோகவும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவார்கள். பாடசாலை விட்ட பின்னர் ஒத்திகை வைத்தால் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூசன் இருக்கும். ஆறு பாத்திரங்கள் கொண்ட நாடகத்தில் தாயாக நடிக்கும் மாணவி வராத நாளில், அவளோடு உரையாட வேண்டிய மூவரும் வெறுமனே நிற்பார்கள். வேறொருத்தி பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பாள். நாற்பது நிமிடப் பாடவேளை அப்படியே கரைந்துபோகும். ஓர் ஆண்டு, ஆறு பேரும் ஒருசேர நின்ற ஒத்திகைகளை எண்ணிப் பார்த்தேன். தவணை முழுவதிலும் நான்குதான் தேறின. வகுப்பில் எஞ்சிய பதினெட்டுப் பேர் அந்த நாள்களில் என்ன கற்றார்கள் என்று அதிபர் கேட்டபோது, திரை இழுக்கக் கற்றார்கள் என்பதைத் தவிர நேர்மையான பதில் என்னிடம் இருக்கவில்லை.

கூத்தின் அமைப்பிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஒருவன் தன் தருவை, அதாவது தன் பாத்திரத்துக்குரிய பாட்டை, பாடி ஆடும்போது களரியில் (ஆடுகளத்தில்) நிற்கும் மற்றவர்கள் அதைப் பிற்பாட்டாகத் திருப்பிப் பாடுகிறார்கள். ஆகவே ஒரு பாத்திரத்தின் பாட்டு அந்தப் பாத்திரத்தை ஏற்றவனுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. மூன்று நான்கு கிழமைகள் பிற்பாட்டுப் பாடிய பிள்ளைக்கு அது மனப்பாடமாகிவிடுகிறது. ஆட்டமும் அப்படித்தான்: ஆட்டத்துக்குரிய தாளச் சொற்களான தாளக்கட்டை அண்ணாவியார் சொல்லச் சொல்ல இருபத்துநான்கு பேரும் வட்டமாக நின்று ஒரே அடியைத்தான் முதலில் மிதிக்கிறார்கள். அருச்சுனன் வயலுக்குப் போன நாளில் பின்வரிசையிலிருந்து ஒருவன் முன்னே வருவான், ஒத்திகை நடக்கும். இரண்டாம் ஆண்டில் நான் இன்னும் ஒரு படி மேலே போய், சட்டம் கொடுக்கும்போதே, அதாவது பாத்திரங்களைப் பகிர்ந்து அவற்றின் பாட்டுகளைக் கொடுக்கும்போதே, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இருவரைக் குறித்துவிட்டேன். அரங்கேற்றத்துக்கு முந்திய கிழமை, கிருஷ்ணனாக ஆட வேண்டியவன் காய்ச்சலில் படுத்தபோது, எழுத்து நாடகக் காலத்தில் வந்திருக்கக்கூடிய பதற்றம் எனக்கு வரவில்லை.

விடியவிடிய ஆடும் கூத்தைப் பாடசாலையில் எப்படி ஆடுவது என்ற கேள்விக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு வழிகாட்டிவிட்டார். 1962இல் மேடையேறிய கர்ணன் போர் அவ்வாறு சுருக்கப்பட்ட வடமோடிக் கூத்து. அதில் நாம் கவனிக்க வேண்டியது, கூத்தைச் சுருக்கியவர் பேராசிரியராக இருந்தாலும் பழக்குவதற்கு அண்ணாவியார் ஒருவரே வரவழைக்கப்பட்டார் என்பது. காணொளியைப் பார்த்து ஆட்டத்தைத் தாமே கற்பித்துவிடலாம் என்று எண்ணும் ஆசிரியர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். நான் அப்படி முயன்ற இரண்டு கிழமைகளில் பிள்ளைகள் பிடித்த தவறான அடிகளைத் திருத்த அண்ணாவியாருக்கு ஐந்து கிழமைகள் ஆயின.

உடுப்புச் செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வடமோடி அரசர்கள் அணியும், கூடைபோல் விரிந்து நிற்கும் கரப்புடுப்பு பாரமானது. பதினைந்து வயதுப் பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு ஆடுவது சிரமம். நாங்கள் கிராமத்திலிருந்து முடிகளை (கிரீடங்களை) மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு எஞ்சியதை வேட்டி சால்வையால் சமாளித்தோம். மரபாக ஆண்களே ஆடிவந்த கலை என்பதால், பெண்பிள்ளைகள் களரியில் இறங்குவதைப் பற்றி ஓரிரு பெற்றோர் தயங்கினார்கள். அண்ணாவியார் ஒரு சொல் சொன்னதும் அது தீர்ந்தது. எல்லா ஊரிலும் அவ்வளவு இலகுவாகத் தீரும் என்று நான் உறுதி கூற மாட்டேன்.

கூத்து தோற்கும் இடமும் உண்டு. புள்ளியிடும்போது தனியாளின் திறமை கூட்டத்துக்குள் மறைந்துவிடுகிறது. பிற்பாட்டில் உரத்துப் பாடியவளுக்கும் வாயசைத்து நின்றவனுக்கும் வேறுபாடு காண நான் ஒவ்வொருவரையும் தனித்தனியே பாடச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லாமல் விட்ட சொல்லையும் மௌனத்தையும் நடித்துக் காட்டும் பயிற்சி எழுத்து நாடகத்தில் கிடைப்பதைப் போலக் கூத்தில் கிடைக்காது. கூத்தின் மற்ற மரபான தென்மோடியை நான் எடுத்ததில்லை. அண்ணாவியார் எவரும் எட்டாத நகரப் பாடசாலைகளில் கற்பித்ததுமில்லை. ஆகவே அங்குள்ளவர்கள் என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

மூன்றாவது வழியாக, விளையாட்டுகளிலிருந்தும் களப்பயிற்சியிலிருந்தும் பிள்ளைகளே நாடகத்தை உருவாக்கலாம். 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் தொடக்கிய நாடக அரங்கக் கல்லூரியின் வழிவந்த ஆசிரியர்கள் இதில் தேர்ந்தவர்கள். நான் ஒரு தவணையில் சில பாடவேளைகள் மட்டுமே செய்து பார்த்தேன். வரவுக்குறைவை இதுவும் தாங்கும் என்றே தோன்றியது; ஆனால் அடுத்த ஆண்டு வகுப்புக்குக் கையளிக்க எதுவும் மிஞ்சவில்லை. கூத்தில் பாட்டுக் கொப்பியும், அடி தெரிந்த மூத்த மாணவர்களும் மிஞ்சுகிறார்கள்.

எழுத்து நாடகத்தை நான் முற்றாகக் கைவிடவில்லை. தரம் 11இல் பரீட்சைக்கு முன்னர் ஒரு காட்சியை மட்டும் எடுக்கிறேன்: இரண்டு பாத்திரங்கள், பத்து நிமிடம். அந்த இருவரையும் தெரிவு செய்யும்போது, நடிப்போடு சேர்த்து, அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளா, ஒரே ரியூசனுக்குப் போகிறார்களா என்பதையும் விசாரித்துக்கொள்கிறேன்.