முகாமா, வீட்டு வாசலா, குழுக் கூட்டமா?

மாரடைப்பு ஆண்களுக்கு வருகிற நோய் என்று எங்கள் குமரி மாவட்டத்துக் கிராமங்களில் இன்னும் பல பெண்கள் நம்புகிறார்கள். பெண்களுக்கும் அது வரும்; மூச்சு முட்டல், ஓக்காளம், தாடையிலோ முதுகிலோ வலி, அசாதாரணமான அசதி என்றும் வரலாம். 'வாய்வு' என்று இஞ்சி தட்டிக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் அவர்களிடம் எங்கே வைத்துச் சொல்வது?

மருத்துவ முகாமில் டாக்டர் இருப்பார், ஈசிஜி எடுக்கலாம். அது பெரிய வசதிதான். ஆனால் முந்திரி ஆலையில் உடைக்கிற கணக்குக்குக் கூலி வாங்கும் பெண், வேலை நாளில் முகாம் என்றால் வரமாட்டாள். வந்தாலும் வரிசையும் அவசரமும்தான். மனம்விட்டுக் கேள்வி கேட்க அங்கே நேரமில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அந்தக் குறையைப் பாதி தீர்த்தது. தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார், மாத்திரையும் தருகிறார். மாத்திரை விடாமல் சாப்பிட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அவர் வரும் பகல் நேரத்தில் வேலைக்குப் போகிற பெண்கள் வீட்டில் இருப்பதில்லை. பல வீடு ஏறி இறங்குகிறவர் ஒரே வீட்டில் உட்கார்ந்து பேசவும் முடியாது.

என் ஓட்டு மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்துக்கு. கருங்கல் பக்கம் ஒரு கூட்டத்தில் செவிலியர் ஒருவர் காகிதத்தில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கொட்டி, "ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான், 5 கிராம்" என்றார். "இது கறிக்கே பத்தாதே, அக்கா!" என்றார் ஒரு பெண். அப்புறம் மரச்சீனிக்கு (மரவள்ளிக் கிழங்கு) தொட்டுக்கொள்ளும் கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று அவர்களே கணக்குப் போட ஆரம்பித்தார்கள். பேச்சோடு பேச்சாக இன்னொருத்தி, "ரெண்டாவது பிரசவத்துல எனக்குப் பிரஷர் இருந்துச்சு, அப்புறம் பார்க்கவே இல்ல" என்றாள். கர்ப்பகாலத்தில் பிரஷரோ சுகரோ வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம். முகாம் வரிசையில் இதை அவள் சொல்லியிருப்பாளா?

குழுவிலும் குறை உண்டு. விஷயம் தெரிந்தவர் வராவிட்டால் பாட்டி வைத்தியமே ஜெயிக்கும். குழுவில் சேராத பெண்கள் விட்டுப்போவார்கள்; அவர்களுக்கு வீட்டு வாசல்தான் வழி. ஆகவே மாதம் ஒருமுறை தன்னார்வலர் பிரஷர் மெஷினோடு குழுவுக்கும் வரட்டும். மாரடைப்போ என்று சந்தேகம் வந்தால் உடனே 108, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதற்கான முதல் மாத்திரைகள் தரும் 'இதயம் காப்போம்' திட்டம் இருக்கிறது என்று சொல்லட்டும். சேமிப்பு நோட்டில் ஒவ்வொருத்தி பெயருக்கும் எதிரே பணத்தோடு பிரஷர் அளவையும் எழுதி, 140/90-ஐத் தாண்டினால் அந்த வாரமே ஒருத்தி துணைக்குப் போய் டாக்டரிடம் காட்டட்டும்.