சன்ரிசுகா படங்கள்: சண்டையை விட பேச்சு நன்றாக இருக்கிறது

காட்பாடியில் நண்பர்கள் சிலர் வீட்டு மாடியில் அவ்வப்போது படம் போடுகிறார்கள். இந்த முறை ஜப்பானிய இயக்குநர் ஒகாவா ஷின்சுகேயின் சன்ரிசுகா ஆவணப்பட வரிசையிலிருந்து இரண்டு. 1968 முதல் 1977 வரை அவரும் குழுவும் மொத்தம் ஏழு எடுத்திருக்கிறார்கள். டோக்கியோவுக்குப் புது விமான நிலையம் என்று 1966-இல் ஊர்க்காரர்களைக் கேட்காமலே அரசு முடிவெடுத்த இடம் சன்ரிசுகா. நிலத்தைத் தரமாட்டோம் என்று விவசாயிகள் நடத்திய போராட்டம்தான் இந்தப் படங்கள். போருக்குப் பிறகு வந்து, நிலத்தைத் திருத்திக் குடியேறியவர்களும் அங்கே உண்டு. மல்லாட்டை (நிலக்கடலை) விளைகிற மண் வேறு. தொழிற்பேட்டைக்கு நிலம் கேட்டதைப் பார்த்த செய்யாறு பக்கத்துக்காரனுக்கு இதற்கு மேல் அறிமுகம் வேண்டியதில்லை.

'இரண்டாம் கோட்டையின் விவசாயிகள்' 1971-இல் வந்தது. பெண்கள் சங்கிலியால் தங்களைக் கட்டிக்கொள்கிறார்கள், போலீஸ் வருகிறது, தள்ளுமுள்ளு. பின்னால் இருந்த தம்பி விசிலே அடித்துவிட்டான். போராட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் காற்று வர என்ன வழி செய்தோம் என்று ஒரு விவசாயி விளக்க ஆரம்பித்ததும் போனை எடுத்துக்கொண்டான். படத்தில் எனக்குப் பிடித்ததே அந்த இடம்தான். போராட்டத்தையும் கிணறு வெட்டுகிற மாதிரி வேலையாகச் செய்கிறவர்கள் அவர்கள்.

'ஹெத்தா கிராமம்' (1973) இன்னும் ஒரு படி மேல். 1971 செப்டம்பர் மோதலில் மூன்று போலீஸ்காரர்கள் இறந்தார்கள். அதன் பிறகு ஊர் இளைஞர்களைக் கைது செய்கிறார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான் படம். ஒருவர் முடித்து அடுத்தவர் வாய் திறக்கும் வரை கேமரா பொறுமையாக நிற்கிறது. படக்குழு அந்த ஊர்களிலேயே தங்கி எடுத்ததால் வந்த பொறுமை அது. செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதற்கு எதிராக நின்ற ஏழு பேர் மேல் 2023-இல் குண்டர் சட்டம் போட்டபோது, அந்த வீடுகளில் என்ன பேசியிருப்பார்கள் என்று யாராவது இப்படி எடுத்திருக்கலாம்.

குறையும் உண்டு. நிலத்தை விற்றுவிட்டுப் போனவர்கள் பக்கம் கேமரா அதிகம் திரும்புவதில்லை. ஒவ்வொன்றும் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளை எழுத்தில் ஆங்கில சப்டைட்டில், பாதி படிக்கவே முடியவில்லை. ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் ஹெத்தாவைப் பாருங்கள். சென்னைக்குப் புது விமான நிலையம் என்று நிலம் கேட்கிற பரந்தூர் பக்கம், ஏகனாபுரத்தில் இதைப் போடலாம் என்று பேச்சு வந்தது. சரி, போடட்டும். ஆனால் பக்கத்தில் ஒருவர் மைக் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வரவேண்டும்.