பெண்களுக்கான தலைமைப் பயிற்சித் திட்டங்கள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

நிறுவனங்களுக்கு விற்கப்படும் பெண் தலைமைப் பயிற்சிகளில் பல ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டு நாள் பட்டறை, தன்னம்பிக்கை வகுப்பு, சம்பளப் பேரம், கடைசியில் சான்றிதழ். இதில் பேரப் பயிற்சி மட்டும் தேறும். அதுவும் எதிரே ஒருவரை உட்காரவைத்து, தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக் காத்திருக்கப் பழக்கினால்தான். தன்னம்பிக்கை வகுப்புக்கு 5-க்கு 2 தருவதே அதிகம். பெண்களின் பதவி உயர்வு நிற்கும் இடம் அதுவல்ல.

முதல் படியிலேயே நிற்கிறது. மெக்கின்சி ஆலோசனை நிறுவனமும், பெண்களின் பணி முன்னேற்றத்துக்காக இயங்கும் லீன் இன் அமைப்பும் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதன்முறையாக மேலாளர் ஆகும் ஆண்கள் 100 பேர் என்றால் பெண்கள் 81 பேர்தான். அங்கே விடுபட்டவர்களை மேல்மட்டத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். மூத்த மேலாளர்களுக்கு மட்டுமான திட்டத்தை விட்டுவிட்டு, குழுத் தலைவராகும் தறுவாயில் இருப்பவர்களையும் சேர்ப்பதை வாங்குங்கள்.

அடுத்து ஜோடி சேர்ப்பு, அதாவது பயிற்சி பெறும் பெண்ணை மூத்தவர் ஒருவரோடு இணைப்பது. வழிகாட்டி அறிவுரை சொல்வார். ஸ்பான்சரோ, அந்தப் பெண் இல்லாத கூட்டத்தில் அவர் பெயரை எடுத்துப் பேசுவார். பல திட்டங்கள் முதலாமவரைக் கொடுத்துவிட்டு இரண்டாமவர் என்று பெயர் வைக்கின்றன. நல்ல திட்டத்தில் ஸ்பான்சர் இரண்டு நிலை மேலே இருப்பார், பதவி உயர்வுக் கூட்டத்தில் அவருக்கு இடம் இருக்கும், எந்தப் பொறுப்புக்கு எப்போது பரிந்துரைப்பார் என்று எழுதிக் கொடுப்பார். இரண்டு காபி சந்திப்புகளோடு இது அடங்கிப்போவதற்குக் காரணம், ஸ்பான்சருடைய சொந்தப் பணி மதிப்பீட்டில் இது கணக்கில் வராததுதான். அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பதவி உயர்வை முடிவு செய்யும் மதிப்பீட்டுச் சுற்றுக்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பே பயிற்சி தொடங்க வேண்டும். பிந்தினால் பெயர்கள் முடிவாகியிருக்கும். 'இன்னும் தயாராகவில்லை' என்று எழுதும் மேலாளர், எந்தத் திறன் குறைவு, எதைச் செய்து காட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுத வேண்டும். இந்தப் படிவத்தைத் தரும் திட்டங்கள் குறைவு. தருவதை விடாதீர்கள்.

கூட்டக் குறிப்பு, விழா ஏற்பாடு, புதியவர்களுக்கு இடம் காட்டுவது போன்ற பதவி உயர்வு தராத வேலைகளை இரண்டு வாரம் பதிவு செய்யச் சொல்வதும் நல்ல உறுப்பு. 'யார் செய்கிறீர்கள்?' என்று கேட்டால் பெண்களே அதிகம் கை தூக்குவதை பொருளாதார ஆய்வாளர் லிண்டா பாப்காக் குழுவின் 2017 ஆய்வு காட்டியது. ஆகவே கேட்காமல் முறைவைத்துக் கொடுப்பதே சரி.

விற்க வருபவரிடம் ஒரே கேள்வி: பயிற்சி முடிந்து 12 மாதத்தில் எத்தனை பேர் உயர்ந்தார்கள், அதே நிலையில் பயிற்சி பெறாதவர்களில் எத்தனை பேர்? அந்த எண்ணுக்குப் பதிலாகப் பங்கேற்பாளர் திருப்தி மதிப்பெண்ணை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.