டெல்லி மூடுபனியில் இறங்க கேட்-2 போதுமா, கேட்-3 வேண்டுமா?

டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லிக்கு ஏர்பஸ் ஏ320 விமானம் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஓடுபாதையில் பார்வைத்தூரம் 350 மீட்டர். கேட்-2 விதிப்படியும் இறங்கலாம், கேட்-3 விதிப்படியும் இறங்கலாம். (‘கேட்’ என்பது ‘கேட்டகரி’யின் சுருக்கம்: கருவிகளின் வழிகாட்டலில் இறங்குவதற்கான தரநிலை. எண் கூடக்கூட, இன்னும் குறைந்த பார்வையிலும் இறங்கலாம்.) விமானத்தில் எல்லாம் சரியாக இருந்தால் நான் கேட்-3 பக்கம்தான்.

எண்கள் தெரிந்தவைதான். கேட்-1க்கு, இறங்குவதா மேலே ஏறுவதா என்று முடிவெடுக்கும் உயரம் 200 அடி, பார்வைத்தூரம் 550 மீட்டர். கேட்-2க்கு 100 அடி, 300 மீட்டர். கேட்-3இன் ஒரு பிரிவான கேட்-3பி என்றால் பார்வைத்தூரம் 50 மீட்டர் வரை குறைந்தாலும் அனுமதி.

நான் பார்ப்பது கடைசி 100 அடியை. நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்கும் விமானத்துக்கு அது எட்டு விநாடிச் சமாச்சாரம். கேட்-2இல் அந்த இடத்தில் வெளியே பார்த்தாக வேண்டும். வரிசையாகக் குறைந்தது மூன்று விளக்குகளும், குறுக்காக ஒரு விளக்கு வரிசையும் தெரிந்தால்தான் தொடரலாம். இல்லையேல் மேலே ஏறிவிட வேண்டும். பனிக்குள் நுழையும்போது விமானத்தின் மூக்கு மேலே எழுவதுபோல் ஒரு மயக்கம் வேறு உண்டாகும். கை தன்னையறியாமல் கீழே அழுத்தப் பார்க்கும். தரை அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அந்த அழுத்தத்தைத் திருத்த அவகாசம் கிடையாது. கேட்-2இலும் ஆட்டோபைலட்டையே இறக்கவிடலாமே என்பார்கள். விடலாம், ஆனால் தொடர்வதா வேண்டாமா என்பதை அந்த மூன்று விளக்குகளைப் பார்த்து மனிதர்தான் சொல்ல வேண்டும்.

திரையில் ‘கேட் 3 டூயல்’ என்று இருந்தால், 100 அடிக்குக் கீழே ஒரு பழுது வந்தாலும் விமானம் தானே இறங்கி நடுக்கோட்டிலேயே ஓடும். ‘சிங்கிள்’ என்று மாறிவிட்டால் அந்தக் காப்பு இல்லை, 50 அடியில் வெளியே பார்த்தாக வேண்டும். அப்போது கேட்-3 மீது எனக்குள்ள விருப்பமும் குறைந்துவிடும்.

கேட்-3 என்றால் கெடுபிடி அதிகம் என்ற பேச்சு உண்டு. முன்னால் இறங்கிய விமானம், ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் ரேடியோ அலைகளைக் குலைக்காத தூரத்துக்கு விலக வேண்டும், அதனால் வரிசை நீளும். ஆனால் இது கேட்-2க்கும் பொருந்தும். கேட்-2ஐத் தேர்ந்தெடுத்து மிச்சப்படுத்த எதுவுமில்லை. கண்ணுக்கு நேரே கண்ணாடியில் தகவல் காட்டும் விமானங்களை நான் ஓட்டியதில்லை. அவற்றில் கையால் இறக்குகிறவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

இறங்க 50 மீட்டர் போதும், புறப்பட 125 மீட்டர் வேண்டும். ஆகவே இறங்கிய விமானங்கள் நிறுத்துமிடங்களை அடைத்துக்கொள்ளும், வானில் காத்திருப்பு கூடும். லக்னோவும் அமிர்தசரஸும் அதே பனிப் பட்டையில் இருப்பதால், மாற்று நிலையமாக அகமதாபாத்தைக் குறித்து, அதுவரை போகும் எரிபொருளை ஏற்றிக்கொள்வதே என் வழக்கம்.